கினி-பிசாவ் முந்திரி: அவர்களே ஏன் உடைத்து விற்பதில்லை? அங்கே யூனிட் போடலாமா?

காடாம்புலியூர்_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு முந்திரி உடைக்கும் யூனிட் இருக்கிறது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதிலிருந்து உள்ளூர்க் கொட்டையை நம்பி ஓட்ட முடியவில்லை. தூத்துக்குடியில் இறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டைதான் கைகொடுக்கிறது. அதிலும் அப்பாவுக்குப் பிசாவ் கொட்டை, அதாவது மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டுக் கொட்டை என்றால் உயிர். விலை கூடுதல்தான், ஆனால் பருப்பு விழுகிற விதமே தனி என்பார்.

இப்போது மாமாவுக்கு ஒரு யோசனை. "அந்த நாட்டு ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு முந்திரிக்கொட்டையாம். அத்தனையும் ஓட்டோடு கப்பல் ஏறுகிறது. நாலு கிலோ கொட்டையை இவ்வளவு தூரம் சுமந்து வந்து ஒரு கிலோ பருப்பு எடுக்கிறோம். அதை அங்கேயே உடைத்தால் என்ன? பழைய மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய் யூனிட் போடலாம், கூலியும் குறைவு" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு சுலபம் என்றால் அந்த நாட்டுக்காரர்களே செய்திருக்க மாட்டார்களா? அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த நாட்டுப் பொருளாதாரம் எப்படித்தான் ஓடுகிறது?

வரவுசெலவு:

போனது இல்லை, படித்தது மட்டும். சுமார் 20 லட்சம் மக்கள்தொகை. போர்ச்சுகலோடு சண்டை போட்டு 1973-இல் தாங்களே விடுதலை அறிவித்தார்கள், அடுத்த வருடம் போர்ச்சுகல் ஒத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடிப்பது வாடிக்கையாகிவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஜனாதிபதி முழுப் பதவிக்காலத்தை முடித்தார் என்பதே 2014-இல் வந்த ஜோசே மாரியோ வாஸ் காலத்தில்தான் முதல் தடவை. இப்படிப்பட்ட இடத்தில் எவன் பணம் போடுவான்? உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டிங்_டெஸ்ட்:

தம்பி, நான் அங்கே பல சீசன் இருந்தவன். கொட்டை வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்குத் தரம் பார்க்கிற வேலை. வரவுசெலவு சார் சொன்ன ராணுவ விஷயம் உண்மைதான், ஆனால் பதில் அது இல்லை. 2012-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது ஏப்ரல் மாதம், சீசன் சூடு பிடிக்கிற நேரம். அந்த வருடமும் கொட்டை கப்பல் ஏறத்தான் செய்தது. மரம் ரேடியோ கேட்பதில்லை.

அங்கே ஒரு கிராமத்துக்குப் போய் "இந்த வருடம் எப்படி?" என்று கேட்டால் கிலோ இத்தனை பிராங்க் (அந்த நாட்டு நாணயம்) என்று யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ கொட்டை என்பதுதான் பேச்சு. நல்ல வருடம் என்றால் கிலோவுக்குக் கிலோ. கெட்ட வருடம் என்றால் 2 கிலோ, 3 கிலோ கொட்டை கொடுத்தால்தான் ஒரு கிலோ அரிசி. அந்த நாட்டுப் பொருளாதாரத்தை ஒரே எண்ணில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஓயோ வட்டாரத்தில் பிசொரா என்று ஓர் ஊர். அங்கே மவுரிட்டானியாக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். நாடு முழுக்கச் சில்லறைக் கடை பெரும்பாலும் அவர்கள் கையில்தான். சோப்பு, சர்க்கரை, மெழுகுவத்தி, எண்ணெய், எல்லாவற்றுக்கும் பின்னால் அரிசி மூட்டை. வாசலில் தராசு. பெண்கள் அலுமினியப் பேசினில் கொட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர் பேசினுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கிளறுவார். அடியில் ஈரமோ மணலோ இருக்கிறதா என்று பார்க்க. எடை போட்டதும் பேசினைக் கவிழ்த்து அதே பேசினில் அரிசியை அளந்து கொட்டிவிடுவார். பணமே கைமாறாது. போன மழைக்காலத்தில் கடனாக வாங்கிய அரிசிக்கு அதிலேயே பிடித்தமும் உண்டு, நோட்டில் கணக்கு இருக்கும்.

அறுவடை ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. ஜூனில் மழை இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட், செப்டம்பர்தான் பசிக் காலம். வீட்டு நெல் தீர்ந்திருக்கும், அடுத்த நெல் வந்திருக்காது. அந்த மாதங்களுக்குத் தேவையான அரிசியை முந்திரியைக் கொடுத்துத்தான் வாங்கிச் சேர்க்க வேண்டும். ஆகவே "விலை ஏறட்டும், ஜூன் வரை காத்திருப்போம்" என்று விவசாயி சொல்ல முடியாது. முதல் பேசின் கொட்டை பொறுக்கியதுமே கடைக்கு வந்தாக வேண்டும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது நெல் விளையாத நாடு இல்லை. பலாண்டா என்ற இன மக்கள் அலையாத்திக் காட்டை வெட்டி, கடல் தண்ணீர் வராமல் மண் வரப்பு எழுப்பி, மழைத் தண்ணீரால் உப்பைக் கழுவி நெல் போடுவார்கள். பொலான்யா என்று அந்த வயலுக்குப் பெயர். நீளமான மரப்பிடியில் நுனிக்கு மட்டும் இரும்பு பூட்டிய ஒரு மண்வெட்டியால் சேற்றை வாரி வாரி வரப்புப் போடுவதைப் பார்த்தால் நம் ஆள் யாரும் அந்த வேலைக்கு நிற்க மாட்டான். அந்த வரப்பை ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொள்ள இளவட்டம் வேண்டும். விடுதலைப் போரில் கொஞ்சம் வயல் போனது, இளவட்டம் டவுனுக்குப் போனதில் கொஞ்சம் போனது. வரப்பு உடைந்து ஒரு தடவை உப்புத் தண்ணீர் புகுந்தால் அந்த வயல் பல வருடத்துக்கு ஆகாது. 1980-களில் அரசு தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தித் தனியார் வியாபாரத்தைத் திறந்துவிட்டது. வியாபாரி அரிசியோடு வந்து நின்று "கொட்டை கொடு" என்றான். முந்திரிக்கு வரப்பு வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், நட்டால் தானே வளரும். கொஞ்ச வருடத்தில் மேட்டு நிலமெல்லாம் முந்திரி ஆகிவிட்டது. போர்ச்சுகல்காரன் காலத்தில் கடலை ஏற்றுமதி செய்த நாடு அது.

அந்த அரிசி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆசியாவிலிருந்து, அதில் நம் நாட்டு நொய்யும் உண்டு. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடுத்தது, 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியையும் தடுத்தது. இங்கே அது ஒரு நாள் செய்தி. அங்கே சாப்பாட்டு விலை. கொட்டையை வாங்குகிறவனும் நாம்தான், அப்போது அரிசியை நிறுத்தியவனும் நாம்தான்.

சரி, உங்கள் மாமா கேள்விக்கு வருகிறேன். கூலி குறைவு என்பது உண்மை, ஆனால் கூலி இதில் முக்கியமே இல்லை. போடுகிற முதலீட்டுப் பணம்தான் முக்கியம்.

நீங்கள் பண்ருட்டியில் எப்படி வாங்குகிறீர்கள்? ஒரு கண்டெய்னர், அல்லது அதிலும் பாதி. உடைத்து விற்றுப் பணம் வந்ததும் அடுத்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை முடிந்தால் வருடக் கடைசியில் தான்சானியா, மொசாம்பிக் கொட்டை வருகிறது. தூத்துக்குடியில் ஆண்டு முழுக்கச் சரக்கு கிடைக்கும். பிசாவில் உட்கார்ந்தால் அந்த மூன்று மாதத்தில் வாங்கியதுதான் வருடம் முழுமைக்கும். சின்ன யூனிட்டாக 1,000 டன் என்று வைப்போம். கிலோ 400 சீஃபா பிராங்க் என்றால் 40 கோடி பிராங்க். ஒரு யூரோவுக்குச் சுமார் 656 பிராங்க், ஆக 6 லட்சம் யூரோ. இது கிராமத்து விலை மட்டும். லாரி, சாக்கு, உலர்த்துகிற கூலி, கிடங்கு எல்லாம் தனி. இவ்வளவையும் ஜூனுக்குள் கையிலிருந்து கொடுத்துவிட்டு, அடுத்த ஏப்ரல் வரை கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து விற்க வேண்டும். அந்த ஊர் பேங்க் உங்களுக்குக் கொடுக்காது, கொடுத்தாலும் வட்டியில் லாபம் கரைந்துவிடும். அதே கொட்டையை வாங்கி நேரே கப்பல் ஏற்றுகிறவனுக்குச் சில வாரத்தில் பணம் திரும்பிவிடும். அவனோடு நீங்கள் கிராமத்தில் போட்டி போட வேண்டும்.

இது தெரியாமல் யூனிட் போட்டவர்கள் உண்டு. பூட்டிக் கிடக்கும் ஷெட்டுகளைக் காட்டச் சொன்னால் காட்டுவேன். மெஷின் நன்றாகத்தான் இருக்கும், கொட்டைதான் இருக்காது.

அப்புறம் கரண்ட். தலைநகரத்துக்கே பல வருடம் துருக்கிக் கம்பெனி ஒன்றின் மின்கப்பலிலிருந்துதான் (கப்பலிலேயே மின்நிலையம்) மின்சாரம் வந்தது. 2023 அக்டோபரில் பாக்கி கட்டவில்லை என்று அவர்கள் நிறுத்தியதும் பிசாவ் நகரமே இருட்டு. நகரத்துக்கே இப்படி என்றால் உள்நாட்டில் டீசல் ஜெனரேட்டர்தான்.

முத்துநகர்:

தூத்துக்குடியில் கிளியரிங் வேலை பார்க்கிறேன். மேலே அண்ணன் சொன்னதற்குத் துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு சேதி. பிசாவ் துறைமுகம் ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கிறது, ஆழம் குறைவு, வண்டல் வேறு. பெரிய கப்பல் உள்ளே போகாது. சின்னக் கப்பலில் வெளியே கொண்டுவந்து வேறு துறைமுகத்தில் மாற்றி ஏற்ற வேண்டும். சீசன் நெரிசலில் கண்டெய்னர் அங்கேயே காத்துக் கிடக்கும். மழை ஆரம்பித்த பிறகு ஏற்றிய சரக்கு என்றால் இங்கே கதவைத் திறக்கும்போதே மூக்கு சொல்லிவிடும்.

அண்ணனிடம் ஒரு சந்தேகம். செனகல் சரக்கு என்று பேப்பரில் வருகிறது. வெட்டிப் பார்த்தால் அச்சு அசல் பிசாவ் கொட்டை மாதிரியே இருக்கிறதே?

கட்டிங்_டெஸ்ட்:

முத்துநகர், உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். செனகலின் தெற்குப் பகுதியும் பிசாவின் வடக்கும் ஒரே மண், ஒரே மரம். அதனால் அங்கே விளைந்ததும் அப்படித்தான் இருக்கும். ஆனால் எல்லை தாண்டி செனகல் நகரமான ஜிகின்ஷோர் போகிற சரக்கும் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்தப் பக்கம் வரி கூடினாலோ, கெடுபிடி கூடினாலோ, கொட்டை ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு நாட்டிலும் ஒரே நாணயம், எனவே பணம் மாற்றுகிற தலைவலிகூடக் கிடையாது.

காடாம்புலியூர்_பையன்:

அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். முதலீட்டு விஷயத்தில் கொஞ்சம் அடங்கிவிட்டார், ஆனால் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். ஒன்று, அரசாங்கமே நல்ல விலை நிர்ணயம் செய்தால் விவசாயி ஏன் கடைக்காரரிடம் மாட்டப் போகிறார்? இரண்டு, ஐவரி கோஸ்ட்டில் எல்லோரும் யூனிட் போடுகிறார்களே, அது எப்படி?

வரவுசெலவு:

நாணயம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 1997-இல் தங்கள் பேசோவை விட்டுவிட்டு மேற்கு ஆப்பிரிக்க சீஃபா பிராங்க்கில் சேர்ந்தார்கள். 8 நாட்டுக்கும் ஒரே மத்திய வங்கி, தலைமையகம் டாக்காரில். யூரோவோடு கட்டிப்போட்ட நாணயம், அதனால் கானாவில் போல விலைவாசி தலைதெறிக்க ஓடாது. ஆனால் முந்திரி விலை உலகச் சந்தையில் விழுந்தால் நாணயத்தை இறக்கிச் சமாளிக்கவும் முடியாது. அடி நேரே விவசாயி மேல்தான். முந்திரிக்கு டாலரில் விலை, செலவெல்லாம் பிராங்க்கில். டாலர் இறங்கினால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

(மேலே ராணுவம்தான் காரணம் என்று சொன்னதை முழுதாக விட்டுவிடவில்லை. நிலையான அரசு இருந்தால் கரண்ட் பாக்கியாவது கட்டியிருப்பார்கள்.)

கட்டிங்_டெஸ்ட்:

கரண்ட் பாக்கி விஷயத்தில் சார் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மாமாவின் முதல் கேள்வி. அரசாங்கம் ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் அடிப்படை விலை அறிவிக்கத்தான் செய்கிறது. 2018-இல் என்ன நடந்தது தெரியுமா? அதே ஜனாதிபதி வாஸ் காலத்தில் கிலோவுக்கு 1,000 பிராங்க் என்று அறிவித்தார்கள். கிராமங்களில் ஒரே கொண்டாட்டம். வாங்குகிறவன் கணக்குப் போட்டுப் பார்த்தான், அந்த விலைக்கு வாங்கிக் கப்பல் ஏற்றினால் நஷ்டம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கொட்டை வீட்டில் கிடந்தது, அரிசி கடையில் கிடந்தது. விலையை அறிவிக்கிறவர் அந்த விலைக்கு வாங்கக் காசும் கிடங்கும் வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் நெல்லுக்கு நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது, குறை ஆயிரம் சொன்னாலும் சாக்குப் போட்டு எடுத்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறான். அங்கே அப்படி யாரும் இல்லை. 2020-இல் கொரோனாவால் வெளிநாட்டு வியாபாரிகள் வர முடியாமல் சீசனே தள்ளிப்போனபோதும் இதே கதிதான்.

இன்னொரு கூத்து. 2011-இல் உள்நாட்டில் உடைப்பதை ஊக்குவிக்க ஒரு நிதி என்று சொல்லி ஏற்றுமதியாகும் கொட்டைக்குக் கிலோ 50 பிராங்க் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஏற்றுமதி செய்கிறவன் தன் பையிலிருந்தா கொடுப்பான்? கிராமத்தில் வாங்கும் விலையில் கழித்துவிட்டான். பணம் வசூலானது, யூனிட் வளரவில்லை, கடைசியில் அந்தப் பிடித்தத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏழை விவசாயியிடம் பிடுங்கித் தொழில் வளர்ப்பது என்று கிளம்பினால் இப்படித்தான் ஆகும், என்னைக் கேட்டால்.

இரண்டாவது கேள்வி, ஐவரி கோஸ்ட். அந்த நாட்டில் விளைச்சல் 10 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது, உலகத்திலேயே முதலிடம். துறைமுகம் பெரியது, கரண்ட் இருக்கிறது, கொக்கோ, எண்ணெய் என்று அரசுக்கு வேறு வருமானமும் இருக்கிறது. அதனால் பருப்பாக ஏற்றுமதி செய்தால் கிலோவுக்கு 400 பிராங்க் என்று அரசே மானியம் கொடுக்க முடிந்தது. பெனின் வேறு வழியில் போனது. 2024 ஏப்ரலிலிருந்து ஓட்டோடு ஏற்றுமதியே கூடாது என்றார்கள், ஆனால் அதற்கு முன்னாலேயே க்ளோ-ஜிக்பே என்ற இடத்தில் தொழிற்பேட்டை கட்டி யூனிட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பிசாவ் அரசுக்கு இரண்டுக்கும் வசதி இல்லை. முந்திரி வரியை விட்டால் பெரிய வருமானம் மீன்பிடி உரிமம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2019-இல் போட்ட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 1.56 கோடி யூரோ கிடைத்தது. ஆசிரியர் சம்பளமே அவ்வப்போது தட்டுப்படுகிற நாடு, மானியத்துக்கு எங்கே போகும்?

ஆகவே மாமா மெஷினோடு போக வேண்டாம். நல்ல பிசாவ் கொட்டை வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஏற்றுமதி உரிமம் உள்ள ஆளிடம் பேசி, நம் ஆள் ஒருவர் கிடங்கில் நின்று தரம் பார்த்துச் சாக்கு தைக்க வைத்தாலே போதும்.

நான் பார்த்த விதம் சொல்கிறேன். மூட்டைகளில் அங்கங்கே குத்தி எடுத்துக் கலந்து, அதில் சரியாக ஒரு கிலோ. முதலில் எண்ணிக்கை. 200-லிருந்து 220-க்குள் நின்றால் நல்ல பருமன். பிறகு ஒவ்வொன்றாக வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, பிஞ்சு, சொத்தை என்று பிரித்து வைக்க வேண்டும். நல்லதன் எடையோடு புள்ளி விழுந்ததில் பாதி எடை சேர்த்துக் கணக்கு. 300 கிராம் வந்தால் 80 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 53 பவுண்டு அவுட்டர்ன், அதாவது ஒரு மூட்டையில் கிடைக்கும் பருப்பு எடை. பிசாவ் கொட்டைக்கு இது சாதாரணம். அப்பா சொல்கிற "பருப்பு விழுகிற விதம்" இதுதான். 50-க்குக் கீழே இறங்கினால் பழைய கொட்டையோ மழைக் கொட்டையோ கலந்திருக்கிறது, பேரம் பேசாமல் ஒதுக்குங்கள். ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்றவே விடாதீர்கள், வாரக்கணக்கில் கடலில் கிடக்கப் போகிறது.

போவதென்றால் மே முதல் வாரம். ஏப்ரல் தொடக்கத்தில் விலை ஒரு நிலைக்கு வந்திருக்காது, ஜூனில் மழை. தராசும் வெட்டுகிற கத்தியும் கையோடு கொண்டுபோங்கள், அங்கே இருப்பதை நம்ப வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். சீசனில் முந்திரிப்பழத்தைப் பிழிந்து புளிக்க வைத்து ரோட்டோரம் பெண்கள் விற்பார்கள், மாமாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

காடாம்புலியூர்_பையன்:

நன்றி அண்ணா. மெஷின் யோசனையை மாமா விட்டுவிட்டார். கத்தி எந்த மாதிரி வாங்குவது என்று அப்பா கேட்கிறார், தனிச் செய்தியில் கேட்கிறேன்.